கேளுங்க காக்கா: வானத்துக்குப் போன அமீரும் பலத் வீட்டுச் சுவரும்

போன மாசம் ஏதோ ஒரு கேள்விக்கு பதில் எழுதும்போது "விண்வெளிக்குப் போன மொத அரபி ஒரு சவூதி அமீர்"னு ஒத்த வரி எழுதிட்டு நான் பாட்டுக்கு போயிட்டேன், அவ்வளவுதான், கீழக்கரைல இருந்து தொண்டி வரைக்கும் வாட்ஸ்அப்ல கேள்வியா வந்து குவிஞ்சு கெடக்கு. சபுராளி ஊருல, அதாவது சம்பாதிக்க வெளிநாடு போறவங்க ஊருல, அமீர்னு ஒரு வார்த்தைய விட்டா சும்மா விடுவாங்களா? அதனால இந்த மாசம் முழுக்க அவர் கதைதான். ரேஷன் கார்டு, முதியோர் பென்ஷன்னு கேட்டவங்க அடுத்த மாசம் வரைக்கும் பொறுத்துக்கங்க.

காக்கா, அந்த அமீர் யாரு? இப்ப இருக்கற பட்டத்து இளவரசர்தானே? எங்க ரூம்ல பந்தயமே கட்டிட்டோம். (பெரியபட்டினம் தம்பி, இப்போ தம்மாம்ல இருந்து)

நீங்க எந்தப் பக்கம் கட்டினீங்கன்னு தெரியல தம்பி, ஆனா அவர் இல்ல. இவர் பேரு சுல்தான் பின் சல்மான். சுல்தான்ங்கறது இங்க பட்டம் கிடையாது, வாப்பா உம்மா வச்ச பேரு. 1956 ஜூன் 27ல பொறந்தவர். இப்ப ராஜாவா இருக்கற சல்மானோட மகன், பட்டத்து இளவரசர் முகம்மதுவுக்கு அண்ணன், உம்மா வேற வேற. வயசு வித்தியாசத்த ஒரே வரில சொல்லணும்னா, அண்ணன் விண்வெளிக்குப் போய்ட்டு வந்து எறங்கினது 1985 ஜூன்ல, தம்பி பொறந்ததே அந்த வருஷம் ஆகஸ்ட் 31லதான்.

இன்னொண்ணு. நாம இன்னிக்கு பாக்கறத வச்சு "ராஜா மகன் போனாரு"ன்னு சொல்லிருவோம், அன்னிக்கு அப்படி இல்ல. 1953ல அப்துல் அஜீஸ் மௌத்தான பிறகு அந்த நாட்டுல மகன்களுக்குள்ளயே அண்ணன் தம்பின்னு மாறி மாறித்தான் ஆட்சி போச்சு. சவூத், பைசல், காலித், பஹத், அப்துல்லா, சல்மான்னு வரிசையா ஆறு பேர், எல்லாரும் ஒரே வாப்பாவோட புள்ளைங்க. 1985ல ராஜா பஹத், சல்மான் ரியாதோட கவர்னர். ஆக அன்னிக்கு இவர் கவர்னர் மகன், ராஜாவுக்கு தம்பி மகன். வாப்பா ராஜாவானது அதுக்கு முப்பது வருஷம் கழிச்சு, 2015 ஜனவரில. பந்தயப் பணத்துல எனக்கும் ஒரு கப்சா சோறு வாங்கிக் குடுங்க.

சார், நான் மண்டபத்துல பன்னெண்டாவது படிக்கிறேன். ஒரு இளவரசர எப்படி நாசா கூட்டிட்டுப் போச்சு? அங்க போய் என்ன செஞ்சார்? (மாணவி, மண்டபம்)

நல்ல கேள்வி பாப்பா. அரபு நாடுகள் எல்லாம் சேந்து அரப்சாட்னு ஒரு அமைப்ப 1976ல தொடங்கினாங்க, டிவிக்கும் போனுக்கும் சொந்தமா சாட்டிலைட் வேணும்னு. தலைமை ஆபீஸ் ரியாத்ல. மொத சாட்டிலைட் 1985 பிப்ரவரில ஐரோப்பாக்காரங்க ஏரியான் ராக்கெட்ல போச்சு. ரெண்டாவத அமெரிக்காவோட டிஸ்கவரிங்கற ஷட்டில்ல, அதாவது விண்வெளி ஓடத்துல, ஏத்தி விட்டாங்க. அந்தக் காலத்துல நாசா கொஞ்சம் யாவாரியாவும் இருந்துச்சு, உங்க சாட்டிலைட்ட எங்க வண்டில ஏத்தினா உங்க ஆள் ஒருத்தரும் கூட வரலாம்னு ஒரு ஏற்பாடு. லாரில லோடு அனுப்பறவன் கூட ஒரு ஆள ஏத்தி விடற மாதிரின்னு வச்சுக்கயேன். அந்த சீட்டுக்குத்தான் சவூதி இவரத் தேர்ந்தெடுத்துச்சு. விமானம் ஓட்டத் தெரியும், இங்கிலீஷ் தெரியும், உடம்பு தோதா இருந்துச்சு, வயசு 28. அவருக்கு பதிலாளா விமானப்படைல இருந்து ஒருத்தருக்கும் பயிற்சி குடுத்து வச்சிருந்தாங்க.

1985 ஜூன் 17 காலைல புளோரிடால இருந்து கிளம்புச்சு. மொத்தம் ஏழு பேர், அதுல அஞ்சு அமெரிக்கர், ஒரு பிரெஞ்சுக்காரர், இவர். அரப்சாட் சாட்டிலைட் ஒண்ணு, மெக்சிகோ சாட்டிலைட் ஒண்ணு, அமெரிக்க சாட்டிலைட் ஒண்ணுன்னு மூணையும் வானத்துல விட்டுட்டு ஜூன் 24ல கலிபோர்னியால வந்து எறங்குனாங்க. எறங்கி மூணாம் நாள் அவருக்கு 29 வயசு. ஏழு நாள்ல அவர் பாத்த வேல என்னன்னா, அரபு நாட்டு நிலப்பரப்ப போட்டோ எடுக்கறது, எடை இல்லாத எடத்துல எண்ணெயும் தண்ணியும் எப்படி நடந்துக்குதுன்னு பாக்கற சோதனை, சவூதி விஞ்ஞானிங்க குடுத்து விட்ட வாயு சோதனை ஒண்ணு, இப்படி. ஷட்டில ஓட்டற வேல அவருக்கு கிடையாது, அத தெளிவா எழுதிக்க. ஆனா ஒரு அரபியா, ஒரு முஸ்லிமா, ஒரு ராஜ குடும்பத்து ஆளா, மூணு வகைலயும் விண்வெளிக்கு மொத ஆளு அவர்தான்.

அண்ணே, அமீர் வீட்டுல பொறந்தா ராக்கெட்ல ஏறலாம், தோணிக்காரர் வீட்டுல பொறந்தா ராக்கெட்ட செஞ்சு மத்தவன ஏத்தணும், அப்படித்தானே? எங்க ஊரு கலாம் ஐயாவ வச்சுக் கேக்கறேன். (மீனவர், ராமேஸ்வரம்)

கேள்விக்குள்ளயே பதிலையும் வச்சுட்டு என்னைய மாட்டி விடறீங்களேண்ணே. உண்மைதான். கலாம் ஐயா 1931ல உங்க தீவுல பொறந்து, ராமநாதபுரம் சுவார்ட்ஸ் ஸ்கூல்ல படிச்சு, 1980 ஜூலைல எஸ்.எல்.வி.-3 ராக்கெட் ரோகிணி சாட்டிலைட்ட வட்டப்பாதைல கொண்டு போய் விட்டப்ப அந்த திட்டத்துக்கே டைரக்டர். இந்த அமீர் பறந்த 1985ல அவர் ஹைதராபாத்ல ஏவுகணை வேலைல ராவு பகல் தெரியாம கெடந்தார். ஒருத்தர் வண்டி கட்டுனவர், இன்னொருத்தர் வண்டில போனவர். ரெண்டையும் ஒரே தராசுல வைக்கவே முடியாது, வைக்கவும் கூடாது.

நம்ம ராகேஷ் சர்மாவ வேணா பக்கத்துல வச்சுப் பாக்கலாம், அவர் 1984 ஏப்ரல்ல போனார். அவர் போர் விமானம் ஓட்டுனவர், ரஷ்யாக்காரன்கிட்ட ஒன்றரை வருஷம் போல பயிற்சி எடுத்துட்டுப் போனார். அமீருக்கு கிடைச்சது சில வார பயிற்சி. குடும்பப் பேரு கதவ தொறந்து விட்டுச்சான்னா, விட்டுச்சு, அதுல மறைக்க என்ன இருக்கு.

ஆனா ஒண்ண மறந்துராதீங்க. இவர் எறங்கி ஏழே மாசத்துல, 1986 ஜனவரி 28ல, சேலஞ்சர் ஷட்டில் கிளம்பி ஒண்ணேகால் நிமிஷத்துல வெடிச்சு ஏழு பேரும் போய்ட்டாங்க. அதுல ஒரு பள்ளிக்கூட டீச்சரம்மாவும் இருந்தாங்க, அவங்களும் இவர மாதிரி கொஞ்ச நாள் பயிற்சில ஏறினவங்கதான். அதுக்குப் பிறகுதான் இப்படி ஆளு ஏத்தற பழக்கத்த நாசா நிறுத்துச்சு. கடலுக்குப் போறவனுக்கு நான் சொல்லணுமா, காத்துக்கு அமீர் வீட்டுப் புள்ளன்னும் தெரியாது தோணிக்காரர் புள்ளன்னும் தெரியாது. ஏறுனதுக்கு ஒரு தைரியம் வேணும், அந்த மட்டுக்கும் அவருக்கு குடுத்துருவோம்.

காக்கா, ரமலான்லதான் போனாராமே, நோன்பு என்னாச்சு, தொழுகை என்னாச்சு? மேல போனா பிறை சீக்கிரம் தெரியுமா? (ஏர்வாடி)

வரும்னு தெரியும் இந்தக் கேள்வி!

ரமலான் முடியப் போற சமயத்துலதான் கிளம்பினார், பெருநாள் வந்தப்ப அவர் மேல சுத்திக்கிட்டு இருந்தார். போறதுக்கு முன்னாடி சவூதியோட பெரிய ஆலிம் ஷேக் பின் பாஸ்கிட்ட போய் தொழுகையும் நோன்பும் எப்படின்னு கேட்டுட்டுத்தான் போனார். ஷேக்குக்கு சின்ன வயசுலயே கண் பார்வை போயிருச்சு. பூமிய மேல இருந்து பாக்கப் போற ஒரு வாலிபன், பார்வை இல்லாத ஒரு பெரியவர் முன்னால உக்காந்து வழி கேக்கறான். எனக்கு இந்தக் காட்சி ஷட்டில் கிளம்பறத விட பெருசா தெரியுது, ஏன்னு கேட்டா சொல்லத் தெரியல.

பிரச்சினை என்னன்னா, ஷட்டில் ஒண்ணரை மணி நேரத்துக்கு ஒரு தடவ பூமிய சுத்திரும். ஒரு நாளைக்கு பதினாறு தடவ சூரியன் உதிக்கும், பதினாறு தடவ மறையும். அதப் பாத்து தொழுதா வேற வேலையே பாக்க முடியாது, அதனால தரைல இருக்கற ஒரு ஊரு நேரத்தத்தான் வச்சுக்கணும். கிப்லாவ, அதாவது தொழும்போது பாக்கற மக்கா திசைய எடுத்துக்கிட்டா, மக்காவே காலுக்குக் கீழ ஓடிட்டு இருக்கும். எடை இல்லாத எடத்துல சுஜூது செய்யணும்னு, நெத்தி தரைல படற மாதிரி குனிஞ்சா ஆளே உருண்டு போயிருவான். பயணத்துல இருக்கறவனுக்கு மார்க்கத்துல சலுகை இருக்கு, அது சபுராளிங்க உங்களுக்குத் தெரியாததா. பின்னாடி 2007 அக்டோபர்ல ஒரு மலேசியாக்காரர் ரமலான்லயே போனப்ப அந்த நாட்டு ஆலிம்கள் இதுக்குன்னே தனியா விதிமுறை எழுதி வெளியிட்டாங்க.

பிறை விஷயத்துல நான் மாட்டிக்க விரும்பல. சாயங்காலம் நம்ம கடற்கரைல நின்னு பாத்தே ஒரே ஊருல ரெண்டு பெருநாள் வருது, இதுல வானத்துல இருந்து வேற ஒருத்தர் சொல்லணுமாக்கும்.

அவர் சொன்ன ஒரு பேச்சு ரொம்பப் பேருக்குத் தெரியும். மொத நாள் அவங்கவங்க நாட்டக் கைகாட்டிட்டு இருந்தாங்களாம், மூணு நாலாம் நாள் கண்டத்தக் காட்டுனாங்களாம், அஞ்சாம் நாளுக்குள்ள ஒத்தப் பூமிதான் கண்ணுக்குத் தெரிஞ்சுச்சாம். ரொம்ப அழகான பேச்சு. நம்ம கடல்லயும்தான் கோடு தெரியாது, போய் நின்னா இலங்கை நேவிக்காரனுக்கு மட்டும் தெரியுது. ஜித்தா தெருவுல இகாமா, அதாவது தங்கற அனுமதிக் கார்டு கேக்கற போலீஸ்காரனுக்கும் அப்படித்தான்.

பாய், ஏழு நாள் பறந்தார் சரி. மீதி நாப்பது வருஷம் என்ன செஞ்சார்? சும்மா மாலை மரியாதைதானா? (தேவிபட்டினம்)

இந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

சின்னச் சின்னத மொதல்ல முடிச்சிரலாம். விமானப்படைல 1996 வரைக்கும் இருந்தார். விண்வெளி போனவங்க சேந்து 1985ல ஒரு சங்கம் ஆரம்பிச்சாங்க, அதத் தொடங்குனவங்கள்ல ஒருத்தர். மாற்றுத்திறனாளிக் குழந்தைங்களுக்கான ஒரு பெரிய அமைப்புக்கு ரொம்ப வருஷமா தலைவர். 2018 கடைசில இருந்து 2021 வரைக்கும் சவூதி விண்வெளி ஆணையத்துக்கு தலைவர். 2023 மே மாசம் ஒரு சவூதிப் பொண்ணும் ஒரு ஆணும் விண்வெளி நிலையத்துக்குப் போனாங்க, அவருக்குப் பிறகு 38 வருஷம் கழிச்சு.

ஆனா என்னைக் கேட்டா அந்த மனுசனோட உண்மையான வேல வானத்துல இல்ல, மண்ணுலதான். நெசமான மண்ணு, களிமண்ணும் வைக்கோலும் குழைச்ச மண்ணு. எண்ணெய்க் காசு வந்தப்ப சவூதில பழைய மண் வீட்ட எல்லாம் புல்டோசர் விட்டு இடிச்சுட்டு கான்கிரீட் கட்டிட்டு இருந்தாங்க, பழசுன்னாலே ஏழ்மைன்னு ஒரு நெனப்பு. அந்த நேரத்துல இந்த ஆளு ரியாத் பக்கத்துல திரியாங்கற எடத்துல ஒரு தோட்டத்துல பாழடைஞ்சு கெடந்த பழைய மண் வீட்ட அதே முறைல திரும்பக் கட்டி வச்சார். 2000ல சவூதி டூரிசத்துக்குன்னு ஒரு ஆணையம் போட்டப்ப இவர்கிட்ட குடுத்தாங்க, 2018 டிசம்பர் வரைக்கும் பதினெட்டு வருஷம் அவர்தான். தொல்பொருள் துறையும் அதோட சேந்துச்சு. அவர் இருந்த காலத்துலதான் சவூதி எடம் ஒவ்வொண்ணா யுனெஸ்கோவோட உலகப் பாரம்பரியப் பட்டியல்ல ஏறுச்சு. 2008ல மதாயின் சாலிஹ், நபாத்தியர்னு பழங்கால அரபு மக்கள் மலையக் குடைஞ்சு செஞ்ச கல்லறைங்க, அந்த நாட்டுல இருந்து மொத எடம் அதுதான். 2010ல திரியாவோட துரைஃப், சவூதிக்காரங்களோட மொத தலைநகரம், 1818ல எகிப்துப் படை இடிச்சுப் போட்ட மண் கோட்டை. 2014ல பழைய ஜித்தா. அப்புறம் ஹாயில் பாறை ஓவியம், அல் அஹ்சா பேரீச்சந்தோப்புன்னு போச்சு.

இதுல ஒரு வேடிக்கையும் இருக்கு. வெளிநாட்டுக்காரங்க பொதுவா சுத்திப் பாக்க வரலாம்னு விசாவ தொறந்து விட்டது 2019 செப்டம்பர்ல. அதாவது பதினெட்டு வருஷம் கடையக் கூட்டிப் பெருக்கி சாமான் அடுக்கினவர் அவர், கஸ்டமர் உள்ள வந்தப்ப கல்லாப்பெட்டில வேற ஆளு.

அந்த 2014 ஜித்தா விஷயத்துக்கு வர்றேன், ஏன்னா அது எனக்கு வேற மாதிரி. நான் 1987ல ஜித்தா போனப்ப கம்பெனி ரூம் சரியில்லன்னு பலத்ல, அதான் அந்தப் பழைய ஜித்தா, ஒரு பழைய வீட்டுல வாடகைக்கு இருந்தேன். கம்பெனி பேரு வேணாம், பாஸ்போர்ட்ட வாங்கிப் பூட்டி வச்சுட்டு ரெண்டு மாச சம்பளத்துக்கு ஒரு வருஷம் அலைய விட்டாங்க, அது தனிக் கதை. பலத்துன்னா நம்மாளுங்களுக்கு வெள்ளிக்கிழமை கடைத்தெரு, கம்பளி, டார்ச் லைட்டு, கார்கோ, போன் பேசற எடம். அந்த வீட்டுக்காரங்க எல்லாம் எப்பவோ வசதியா வடக்க புது வீடு கட்டிட்டுப் போயாச்சு, நாலு மாடி அஞ்சு மாடி வீட்ட ரூம் ரூமா எங்கள மாதிரி ஆளுங்களுக்கு விட்டுட்டாங்க. ஒரு ரூம்ல ஒம்பது பேர். முன்னால பெரிய மரக்கூண்டு மாதிரி ஜன்னல், ரோஷன்னு சொல்லுவாங்க, அவ்வளவு வேலப்பாடு, நாங்க அதுல கைலி காயப் போடுவோம்.

ராத்திரில சுவருல இருந்து வெள்ளையா பொடி கொட்டும், பாய் எல்லாம் உப்பு. ஒரு நாள் காரை பேந்த எடத்துல கைய வச்சுத் தடவிப் பாத்தேன், பூப்பூவா, ஓட்டை ஓட்டையா, கல்லுக்குள்ள சங்குத் துண்டு. எங்க உம்மாவப் பெத்த உம்மா வீட்டுச் சுவரு! கீழக்கரைல அந்த வீட்டுத் திண்ணைல சாஞ்சு உக்காந்தா முதுகுல குத்துமே, அதே கடல் கல்லு. அங்க செங்கடல்ல வெட்டுனது, இங்க மன்னார் வளைகுடால வெட்டுனது. தனுஷ்கோடில 1964 புயல்ல போன சர்ச்சு இப்பவும் நிக்குதே, அதுவும் இதே கல்லுதான். ஜித்தாக்காரன் சுவருக்குள்ள குறுக்க குறுக்க மரத்தப் படுக்க வச்சுக் கட்டுவான், அது ஒண்ணுதான் வித்தியாசம். அந்தத் தெருவுலயே நசீஃப் வீடுன்னு ஒரு பெரிய வீடு, 1925ல அப்துல் அஜீஸ் ஜித்தாவப் பிடிச்சப்ப வந்து தங்குன வீடு, அதோட வாசல்ல நிக்கறது என்ன மரம்னு நெனைக்கிறீங்க? வேப்பமரம். ஒரு காலத்துல ஊருக்கே அது ஒண்ணுதான் மரமாம். நான் கடுதாசி எழுதணும்னா அதுக்கடில போய்த்தான் உக்காருவேன்.

அந்த வீடுங்களுக்கு யுனெஸ்கோ பட்டம் வாங்க மொத முயற்சி பலிக்கல, அப்புறம் 2014ல கிடைச்சுது. அதுக்குள்ள எத்தனையோ வீடு இடிஞ்சும் எரிஞ்சும் போச்சு. நான் இருந்த வீடும் இப்ப இல்லன்னு கூட இருந்தவர் ஒருத்தர் சொன்னார். அமீர் எல்லாத்தையும் காப்பாத்திட்டார்னு நான் எழுத மாட்டேன். ஆனா பூமிய அவ்வளவு ஒசரத்துல இருந்து பாத்துட்டு வந்த ஒரு ஆளு எறங்கி வந்து மண் சுவரு காரை பேருதேன்னு பதினெட்டு வருஷம் ஆபீஸ்ல உக்காந்து மல்லுக்கட்டினார் பாருங்க, எனக்கு அவர்மேல மரியாதை வந்தது அதுலதான். நாங்க ஒம்பது பேரும் அந்தச் சுவர வெறும் வாடகையாத்தான் பாத்தோம்.

அவராலே நம்மாளுகளுக்கு ஏதாச்சும் பிரயோஜனம் உண்டாண்ணே? (பாம்பன்)

நேரா ஒண்ணும் கிடையாது. அது அவர் துறையும் இல்ல. பழைய கோட்டைய திரும்பக் கட்டுனாங்கன்னு போட்டோல அமீர் நிப்பார், சாந்து குழைச்ச கை யாரோட கைன்னு போட்டோல வராது. வளைகுடால எந்தக் கட்டடத்துக்கும் இதே கததான்.

காக்கா, எங்க வாப்பா காலத்து வீடு, கடல் கல்லு சுவரு, உப்புப் பூத்து உதிருது. மகன் துபாய்ல இருந்து இடிச்சுட்டு புதுசா கட்டுவோம்ங்கறான். என்ன செய்யட்டும்? (ராத்தா ஒருத்தர், கீழக்கரை)

ராத்தா, வீடு உங்களுது, வெயில்லயும் மழையிலயும் அதுக்குள்ள இருக்கப் போறதும் நீங்கதான், அதனால இடிக்காதீங்கன்னு இங்க உக்காந்துட்டு சொல்ல எனக்கு உரிமை இல்ல. ரெண்டு மூணு விஷயம் மட்டும் கேட்டுக்கங்க. உப்புப் பூக்குதுன்னு யாராவது கொத்தனார் வந்து சிமெண்ட்ட அள்ளிப் பூசுவோம்பார், விடாதீங்க. சுண்ணாம்புச் சுவரு மூச்சு விடற சுவரு, மேல சிமெண்ட்டப் போட்டா ஈரம் உள்ளயே நின்னு கல்லத் தின்னுரும், ரெண்டு வருஷத்துல பூச்சோட சேந்து சுவரும் பேந்து வரும். சுண்ணாம்ப ஊற வச்சு கடுக்காத் தண்ணியும் கருப்பட்டித் தண்ணியும் ஊத்தி அரைச்சுப் பூசற பழைய முறை தெரிஞ்ச ஆளு நம்ம பக்கத்துல இன்னும் ஒண்ணு ரெண்டு பேர் இருக்காங்க, கருப்பட்டிக்கு ராமநாதபுரத்துல பஞ்சமா. மொதல்ல ஒரு ரூமுக்கு மட்டும் செஞ்சு ஒரு மழைக்காலம் பாருங்க. கூரைத் தண்ணி சுவரடில நிக்காம ஓட வழி பண்ணுங்க, பாதி வியாதி அதுதான்.

அப்புறம், இடிச்சா அந்தக் கல்லு திரும்பக் கிடைக்காது. பவளப்பாறைல கை வச்சா இப்ப கேஸு, 2001ல இருந்து வனவிலங்குச் சட்டத்துல புலிக்கு இருக்கற பாதுகாப்பு அதுக்கும் உண்டு. மகன்கிட்ட இத எடுத்துச் சொல்லுங்க, அடுத்த லீவுல வரும்போது ஜித்தா வழியா உம்ரா முடிச்சுட்டு பலத்ல ஒரு நடை நடந்துட்டு வரச் சொல்லுங்க. அதுவரைக்கும் அந்த முன்வாசல் தேக்குத் தூணையும் கதவையும் கேட்டு காரைக்குடி யாவாரி எவனாவது வருவான், சாயா மட்டும் குடுத்து அனுப்பிருங்க.